உள்தாழ்ப்பாள்

அறை பார்க்கப் போனால்
நான் முதலில் பார்ப்பது கட்டிலை அல்ல.
உள்தாழ்ப்பாள்.
அடுத்து, குளியலறை ஜன்னலில்
கடைசிக் கண்ணாடித் தகடு இருக்கிறதா என்று.
வாடகை அதற்கப்புறம்.

மாதத்தில் பதினொரு நாள்
ஒரு பையில் வலைநூல் மாதிரிகள்
இன்னொன்றில் மூன்று சுடிதார்
நீரோடியிலிருந்து விழிஞ்ஞம் வரை போகிறேன்.
"இந்தச் சின்னக் கரைக்கு எதுக்கக்கா ரூம்?
காலையில போயிட்டு ராத்திரி திரும்பிரலாமே"
என்றார் ஆட்டோக்காரர்.
வள்ளங்கள் எத்தனை மணிக்குக் கரையேறும்
என்று அவருக்குத் தெரியாது.
அந்த நேரத்தில்தான் வலை கிழிந்திருக்கும்,
அந்த நேரத்தில்தான் நான் நிற்க வேண்டும்.

களியக்காவிளையில்
எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு லாட்ஜ்.
"கூட யாரு?" என்றார் மேலாளர்.
பையைக் காட்டினேன்.
"அதில்லம்மா, ஆளு."
ஆள் நான்தான் என்றேன்.
ரூம் காலியில்லை என்றார்.
அவர் தலைக்குப் பின்னால் ஆணிப்பலகையில்
ஒன்பது சாவிகள்.
கண்ணி எண்ணிப் பழகிய கண்,
தானாக எண்ணிவிடுகிறது.

கொஞ்சம் நடந்தால் அடுத்த மாநிலம்.
பஸ்ஸின் நிறம் மாறுகிறது
டீயின் நிறம்கூட மாறுகிறது.
"தனிச்சாணோ?"
கேள்வி மட்டும் அதேதான்,
ஆனால் சாவி கிடைத்தது.
ஐம்பது ரூபாய் அதிகம்.
தனியாக இருப்பதற்கா என்று கேட்கவில்லை,
கால் வலித்தது.

பூவாரில் மிதக்கும் குடில்கள் உண்டு.
நடு ஆற்றில் படகை நிறுத்தி விலை சொல்வார்கள்.
நீந்தத் தெரியாதவர்களுக்கான விலை அது.
விழிஞ்ஞத்தில் கன்னியர் நடத்தும் விடுதி.
சுத்தம், மலிவு, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பயறு.
எட்டு மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள்.
அங்கே தாழ்ப்பாள்
வெளிப்பக்கமும் இருக்கிறது.

இதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பொழியூர், சுகதன் மாடி, இரண்டாம் எண்:
கடல் பார்த்த ஜன்னல்,
கொசு இல்லை,
தாழ்ப்பாள் உறுதி,
மறுபடி வரலாம்.
போன வருஷம் எழுதியது.

இடவப்பாதி மழை கழிந்து மறுபடி போனேன்.
மூன்றாம் எண் இருந்தது.
நான்காம் எண் இருந்தது.
ஒன்றும் இரண்டும் நின்ற இடத்தில்
ஜன்னல் இல்லாமலே கடல் தெரிந்தது.

சுகதன் மூன்றுக்கு வாடகை ஏற்றியிருந்தார்.
"இப்ப இதாக்கும் கடல் பாத்த ரூம்"
என்று சொல்லிவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல்
போர்வையை உதறினார்.

நான்காம் எண்ணில் செலின்.
மூன்று பிள்ளைகள், ஒரு தையல் மெஷின்,
கடல் எடுத்த வீட்டிலிருந்து கழற்றி வந்த
ஒரு கதவு, சுவரில் சாத்தி.
அவளிடம் சுகதன் வாடகை வாங்குவதில்லை.
என்னிடம் ஏற்றியது ஏன் என்று
அப்போது புரிந்தது.
பேரம் பேச எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

ராத்திரி பத்தரைக்கு
கதவு தட்டும் சத்தம்.
நெஞ்சு ஒரு தடவை நின்றது.
பதினாறு வருஷமாக
இந்தத் தட்டலுக்காகத்தானே தாழ்ப்பாள் பார்க்கிறேன்.

"நான்தான், செலின். உள்ளே கொண்டி போட்டிருக்கியளா?"
போட்டிருக்கிறேன்.
"போடாதீங்க.
தண்ணி ஏறினா வந்து எழுப்பணும்.
போன தடவ ஒண்ணாம் நம்பர்க்காரர
கதவ உடச்சுத்தான் எடுத்தோம்."

அவள் செருப்புச் சத்தம் போய்விட்டது.
கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.
கீழே அலை
சாமான் இறக்குகிறவன் மாதிரி
பொத்துப் பொத்தென்று எதையோ வைத்துக்கொண்டிருந்தது.
கம்பெனிக்காரர் நாளைக்கு ஆர்டர் கேட்பார்.
எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.
மறுபடி போட்டேன்.
மறுபடி நீக்கினேன்.
பையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து
அதையும் பிறகு இழுத்து
ஓரமாக வைத்தேன்.

காலையில் நோட்டில் எழுதியது:

பொழியூர், மூன்றாம் எண்.
தாழ்ப்பாள் நன்றாக விழுகிறது. போடவில்லை.
வாளிக்குக் கைப்பிடி கிடையாது.
நானூற்றைம்பது.