வாய்க்காப்பு

கொதிக்கும் நீரில் முப்பது நொடி,
எடுத்து ஐந்து எண்ணிவிட்டு
வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லவும்
என்று அட்டையில் போட்டிருக்கிறது.
முட்டை அவிக்கும் பாத்திரத்தில்
நீல ரப்பர் மிதக்கிறது.
நாற்காலியில் ஆன்செல்
இப்போதே வாயைத் திறந்து வைத்திருக்கிறான்.
ஒன்பது வயது.
மேல் வரிசையில் இரண்டு பற்கள் ஆடுகின்றன.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் படிவம் போக வேண்டும்.
எடை எழுதியாயிற்று: எழுபத்தோரு பவுண்டு, காலணியோடு.
ஒவ்வாமை: இல்லை.
முன்பு தலையில் அடிபட்டதுண்டா?
தொட்டிலிலிருந்து விழுந்ததையும் எழுத வேண்டுமோ என்று
பேனாவை மூடி வைத்தேன்.

பெயர்தான் கால்பந்து.
காலைவிடத் தோளுக்கும் நெற்றிக்குமே அதில் வேலை அதிகம்.
நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
சோளம் ஆளுயரம் வளர்ந்ததும்
பையன்களின் தோளை அளக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டு வருடமாக அவன் ஆடுவது கொடி ஆட்டம்.
இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பிடுங்கிவிட்டால்
ஓடுகிறவன் அங்கேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.
ஆன்செல் நன்றாகப் பிடுங்குவான்.
பிடுங்கியதை முறுக்கு நீக்கித் திருப்பிக் கொடுப்பான்.
சில சமயம் குனிந்து
அவனே மாட்டியும் விடுவான்.
அதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கியிருக்கும்.

"அதெல்லாம் போய்விடும்" என்றார் பயிற்சியாளர் லிண்ட்குவிஸ்ட்,
சளியைப் பற்றிச் சொல்வதுபோல.
"மோதி வீழ்த்தும் ஆட்டத்தில் ஒரு மாதம் இருக்கட்டும்."
எதெல்லாம் என்று நான் கேட்கவில்லை.

எதிர்வீட்டு மேவிஸ் தன் மகனை
ஆறிலேயே அனுப்பிவிட்டாள்.
சின்ன உடம்பு, மெதுவாகத்தானே மோதும் என்கிறாள்.
டாக்டரிடம் கேட்டேன். வயது சொல்லவில்லை.
அவன் கழுத்தை இரண்டு விரலால் சுற்றிப் பார்த்து
"இன்னும் கொஞ்சம் தடிக்கட்டுமே" என்றார்,
மரக்கன்றுக்கு முட்டுக்கொடுப்பவர் குரலில்.

ட்வைட்டிடம் கேட்டால் பதிலில்லை.
ஐம்பத்துநான்காம் எண் சட்டைக்காரர்.
அந்த இறுதி ஆட்டத்தை
பெட்ரோல் பங்கில் இன்றும் யாராவது சொல்வார்கள்.
மூன்றாம் கால்பகுதியிலிருந்து
அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.
பிறர் சொல்லக் கேட்டதையே
தன் ஞாபகம்போல் சொல்லப் பழகிக்கொண்டார்.
எங்கே சிரிக்க வேண்டும் என்பதுகூடச் சரியாக வரும்.

ஐந்து எண்ணினேன்.
தாடையைப் பிடித்தேன். "கடி."
கண்ணில் நீர் வரக் கடித்தான்.
எடுத்துப் பார்த்தால்
ரப்பரில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள்,
இரண்டு மட்டும் சாய்ந்து.
அடுத்த மாதம் அந்தப் பற்கள் இருக்கப்போவதில்லை.
அப்போது இந்த அச்சு
வேறு எவனோ ஒருவனின் வாயாக இருக்கும்.

எச்சிலைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"விழவைத்த பிறகு கைகொடுத்துத் தூக்கலாமா?"
"விசில் ஊதினதும் தூக்கலாம்" என்றார் ட்வைட்,
செய்தித்தாளை இறக்காமல்.
"ஊதுகிற வரைக்கும்?"
தாள் ஒரு பக்கம் புரண்டது.

வெள்ளி, நாலே முக்கால்.
படிவம் என் மடியில்,
கையெழுத்துக்கோட்டில் மட்டும் இடம் பாக்கி.
பிக்கப்பைப் பின்னால் எடுக்க வேண்டும்.
ட்வைட்டின் கழுத்து இடப்பக்கம் திரும்பாது.
திரும்புவதென்றால் முழு உடம்பும் திரும்ப வேண்டும்,
அலமாரியை நகர்த்துவதுபோல.
அதனால் வழக்கம்போல் பின்னிருக்கையைக் கேட்டார்:
"ஏதாவது வருகிறதா?"

தோள் அசையாமல்
தலையை மட்டும் சுழற்றி
சாலையின் கடைசிவரை பார்த்தான் ஆன்செல்,
ஆந்தைக்குஞ்சுபோல, அத்தனை லேசாக.

"ஒரு மாட்டு லாரி வருது.
பொறுங்கப்பா.
இன்னும் இல்லை."