இருபது

நல்லூர்த் தேருக்கு முந்தின கிழமை.
வெள்ளவத்தை இரவு பஸ் சீட்டெல்லாம் எங்கள் தளத்தில்.
ஏழேகாலுக்கு அது உறைந்தது.

இருபது இணைப்பை இருநூறாக்கினேன்.
டேட்டாபேஸ் மூச்சுத்திணறி விழுந்தது.
"காலி வீதியில் இன்னும் நூறு பஸ் விட்டால்
நெரிசல் தீருமோ?"
துவாரகி கேட்டாள், சிரிக்காமல்.

பிறகுதான் பதிவுகளைப் பார்த்தோம்:
பதினேழு இணைப்புகள்
வேலையில்லாமல் பிடிபட்டுக் கிடந்தன.
காசு கட்டாமல் பாதியில் போனவர்களுக்கான இடத்தில்
திருப்பிக் கொடுக்கும் வரியை
நான்தான் எழுதவில்லை.

ஒரு வரி. மறுபடி இருபது.
மூன்று வினாடி காத்திரு,
கிடைக்காவிட்டால் சொல்லிவிடு.

பத்தரைக்குச் சீட் முடிந்தது.
யன்னலுக்குக் கீழே கடற்கரை ரயில்.
மேசையில் என் போன்:
"வைக்காதேங்கோ" என்று கத்திய பஸ் முதலாளியின் அழைப்பு
இன்னும் திறந்தபடி,
இரண்டு மணி பதினொரு நிமிடம்.
அந்தப் பக்கம் குறட்டை.

மெதுவாக வைத்தேன்.