உள்சுற்று

கொம்தாரைக் காணோம்.
நேற்று இடுப்புவரை தெரிந்தது,
இன்று கணுக்கால்கூட இல்லை.
வானொலியில் ஒருத்தி மாசுக் குறியீடு வாசிக்கிறாள்,
நூற்றுத் தொண்ணூற்று ஏழு,
நாலு நம்பர் குலுக்கலுக்குச் சொல்வதுபோல.

ஜெலுத்தோங் உதிரிப்பாகக் கடையில்
மைவிக்கு வடிகட்டி கேட்டேன்.
வெள்ளையா, கறுப்பா என்றார் ஆ ஹெங்.
வெள்ளை பதினெட்டு வெள்ளி.
கறுப்பில் கரி இருக்கு, முப்பத்தைந்து.
கரிந்ததைப் பிடிக்க இன்னொரு கரி.
முப்பத்தைந்தைக் கொடுத்தேன்.

கடை வாசலிலேயே பழையதை உருவினார்.
அங்சானாப் பூச்சருகு, சவுக்கு ஊசிகள்,
ஒரு பல்லிவால்,
இரண்டு வருஷத்து ஓட்டம் முழுக்க
சாம்பலாய், மடிப்பு மடிப்பாய்.
வெயிலில் தூக்கிக் காட்டினார்.
வெயிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து
கதவு ரப்பரை ஈரத்துணியால் துடைத்தேன்.
கால்மிதிகளை உதறாமல் ஒற்றி எடுத்தேன்.
எலுமிச்சை வாசனைப் புட்டியைக் குப்பையில் போட்டேன்,
அது புகையை மறைக்குமே தவிரப் பிடிக்காது.
கடைசியாக அந்தப் பொத்தான்:
கார் படத்துக்குள் வளைந்து திரும்பும் அம்பு.
அழுத்தினேன், மஞ்சள் விளக்கு எரிந்தது.
வெளியே இருப்பது இனி வெளியே.

அன்றிலிருந்து நான் சட்டம் பேசுகிறவள்.
சீக்கிரம் ஏறுங்க, சீக்கிரம் மூடுங்க.
பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் பையன்கள்
சிரித்துக்கொண்டே மூடினார்கள்.
குடை மடக்கத் தெரியாத ஒரு பேராசிரியரிடம்
மழையே இல்லையே சார் என்று எரிந்து விழுந்தேன்.

இரவு பத்தரை, பெரிய மருத்துவமனை வாசல்.
துப்புரவுச் சீருடையில் சுலாஸ்திரி,
பட்டர்வொர்த் போகவேண்டும்.
ஒரு காலை உள்ளே வைத்து
கதவைப் பிடித்தபடி தோழியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.
மூடு, என்றேன் மலாயில், உரக்கவே.
உங்க ஊர்லேர்ந்துதானே வருது இதெல்லாம்.

கதவு மூடியது.
நான் சொன்னது மட்டும் வெளியே போகவில்லை,
குளிர்சாதனத்தோடு சேர்ந்து
சுற்றிச் சுற்றி முகத்தில் அடித்தது.

பாலம் ஏறினோம்.
கடல் இல்லை, கரை இல்லை,
முன்னால் ஒரு லோரியின் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.
பாதியில் அவளாகவே பேசினாள்.
ஜம்பியில் அவள் அக்கா
சன்னல் இடுக்குகளில் ஈரக் கைலியைத் திணித்து வைத்திருக்கிறாளாம்.
மூன்று வாரமாய். காய்ந்தால் மறுபடி நனைப்பாளாம்.
எரிவது யார் காடு என்று நான் கேட்கவில்லை.
கம்பெனி என்ற சொல் மட்டும் ஒருமுறை வந்தது.

எனக்கு நெற்றி கனத்தது.
கொட்டாவி.
கண்ணாடியில் அவளுக்கும் கொட்டாவி.
தூசி இல்லாத காற்றுதான்,
ஆனால் காலையிலிருந்து ஏறி இறங்கிய
பன்னிரண்டு பேர் விட்ட மூச்சு.
ஆ ஹெங் சில்லறை எண்ணும்போது சொன்னார்:
அப்பப்ப கொஞ்சம் வெளிக்காற்று விடு லா,
இல்லாட்டி தூங்கிருவே.

பொத்தானைத் தட்டினேன், விளக்கு அணைந்தது.
முப்பத்தைந்து வெள்ளிக் கரியையும் தாண்டி
மெல்லிசாக ஒரு வாசம்.
அவள் மூக்கைப் பொத்துவாள் என்றிருந்தேன்.
நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
மரம் எரிஞ்சா கொஞ்சம் இனிப்பா இருக்கும், காக்.
இது அடிமண். மேலே மழை பெய்தாலும்
கீழே எரிஞ்சுகிட்டே இருக்கும்.

பாலத்து விளக்குக் கம்பங்களை எண்ணினேன்,
முப்பதுவரை. பிறகு மறுபடி மூடினேன்.

பட்டர்வொர்த்தில்
சட்டென்று இறங்கி சட்டென்று மூடினாள்,
என் சட்டப்படி.
மன்னிப்பு கேட்க ஒரு விநாடி கதவு திறந்திருக்க வேண்டும்.

திரும்புகையில் டோல்.
கண்ணாடியை இறக்காமல் என் கைக்கு அட்டை எட்டாது.
இறக்கினேன், நீட்டினேன், கம்பம் உயர்ந்தது.
ஏற்றாமலே கொஞ்ச தூரம் ஓட்டினேன்,
வாய் மூடி, மூக்கு திறந்து.

இனிப்பே இல்லை.
அடிமண்தான்.