வடிகட்டியில் சேர்ந்தது

"உங்களுக்கே உரிய ஒன்றைச் செய்யுங்கள்" என்று
பலகையில் எழுதிவிட்டு
ஏபிஷர் டீச்சர் ஜன்னலைத் திறந்தார்.
ஓல்டன் முழுக்க நவம்பர் மூட்டம்.
ரயில் நிலையம் இருக்க வேண்டிய பக்கத்தில்
அறிவிப்புக் குரல் மட்டும் இருந்தது.

லீனுஸ் தன் கையிலிருந்து கழற்றிய மாவுக்கட்டைக் கொண்டுவந்தான்.
த்ராகானா தன் நாயை வரைந்தாள், நாலு தரம்.
நாலிலும் நாய்க்கு அவளுடைய மூக்கு.
நான் மூன்று வகுப்புகள்
பென்சில் சீவினேன்.

"உன்னிடம் எவ்வளவு இருக்கிறது, யதுர்ஷா!
கடல், கோயில், அந்தச் சேலை நிறங்கள்..."
அன்பாகத்தான் சொன்னார்.
நான் பார்த்த ஒரே கடல்
இத்தாலியில், ஒரு கிழமை, கால் சுட்ட மணல்.
கோயில், தொழிற்பேட்டையில்
டயர்க் கடைக்கு மேல்மாடி.
வரைவதென்றால்
டயரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் சலவை அறை நிலவறையில்.
சுவரில் அட்டவணை:
திங்கள் வூத்ரிச்
செவ்வாய் கப்லானி
புதன் டெஸ்ஃபாய்
வியாழன் நாங்கள்.
பக்கத்தில் விதிகள். ஏழாவது:
உலர்த்தியின் வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டுச் செல்லவும்.
ஒருவரும் செய்வதில்லை.
வியாழன்தோறும் அம்மா செய்வாள்,
நாலு வீட்டுக்கும் சேர்த்து,
நாலு வீட்டையும் திட்டியபடி.

ஒரு வியாழன் அம்மாவுக்கு மாலை வேலை.
நான்தான் உருவினேன் வடிகட்டியை.
கிழியாமல் வந்தது ஒரு தாள்,
இளஞ்சூடாக,
எதுவோ உரித்துப் போட்ட தோல் மாதிரி.
சாம்பல் நிறம் என்றுதான் நினைத்தேன்.
விளக்கடியில் பிடித்தால்
சாம்பலே இல்லை அதில்.
வூத்ரிச்சின் வேலை உடுப்பு நீலம்.
கப்லானி வீட்டுக் குழந்தையின் மஞ்சள்.
எங்கள் துவாயின் கருஞ்சிவப்பு.
குறுக்கே நீளமாய் ஒரு முடி,
யாருடையதோ.

ஏழு கிழமை சேர்த்தேன்.
வகுப்பில் ஒட்டும்போது
மூச்சை அடக்க வேண்டும்.
லீனுஸ் சிரித்தால் ஒரு மூலை எழும்பும்.
நான் தும்மினால்
ஒரு மாதம் பறக்கும்.

அம்மா வந்து பார்த்தாள்.
"நூலைப் போல சேலை என்பார்கள்.
நீ என்ன,
குப்பையைப் போல படமா?"
பிறகு கொஞ்சம் கிட்டப் போய்,
"இந்த நீலம் வடிவாய் இருக்கு" என்றாள்,
வூத்ரிச்சைத் திட்டுவதை
ஒரு நிமிடம் மறந்து.

"இதில் நீ எங்கே?" என்று கேட்டார் டீச்சர்.
நடுவில் இருந்த கருஞ்சிவப்பைக் காட்டினேன்.
தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.
அது பொய்.
அந்த இடத்தில் அது டெஸ்ஃபாய் வீட்டுப் போர்வை.
நாங்கள் எங்கே என்று எனக்கும் தெரியாது.
சாயம் போகாத துணி எங்களிடம் குறைவு,
ஆகவே எல்லா இடத்திலும் இருக்கலாம்.

ஆறுக்கு நாலரை.
"துணிச்சல். ஆனால் தனிப்பட்டது குறைவு."

தாழ்வாரத்தில் மாட்டினார்கள்.
இரண்டாம் நாள் காலை
இடது கீழ் மூலையில் ஒரு சாண் வெறும் பலகை.
இரவில் துப்புரவு செய்தவர்
உறிஞ்சு குழாயை அங்கும் வைத்திருக்கிறார்.
பிழையில்லை. தூசி கண்டார், எடுத்தார்.
எனக்குத்தான் கழிவறையில் பத்து நிமிடம் அழுகை.
இருக்கும்வரை என்னுடையது என்று தோன்றாத ஒன்று
அந்தப் பத்து நிமிடம் முழுக்க
என்னுடையதாய் இருந்தது.

ஒட்டுப்போட மறுபடி கீழே இறங்கினேன்.
புதிய தாளில் மஞ்சள் இல்லை.
கப்லானிகள் ஆராவுக்கு வீடு மாறிப் போயிருந்தார்கள்,
யாருக்கும் சொல்லாமல்,
அல்லது சொல்லி நாங்கள் கேட்காமல்.
ஒட்டியபின் அந்த மூலை மட்டும் வெளிறித் தெரிந்தது.
பார்ப்பவர்கள்
ஜன்னல் வெளிச்சம் விழுவதாக நினைத்து
சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறார்கள்.

அட்டவணையில் செவ்வாய் இன்னும் காலி.
"நம் பெயரை எழுது, இரண்டு நாள் கிடைக்கும்"
என்கிறாள் அம்மா.
எழுதினேன்,
பென்சிலால்.