இரண்டாம் தர வெனிஸ்

உலகத்தை நான் அதன் பிழைகளால் அறிவேன்.

பிறை தொழிற்பேட்டை. நாலாவது லைன். இரவு ஷிஃப்ட்.
ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தப் படங்கள்
ஊர் ஊராய் பெல்ட்டில் ஊர்ந்து வரும்.
பாரிஸ் கோபுரம் சாய்ந்திருந்தால்
சிவப்புக் கூடையில் போடவேண்டும்.
பைசா கோபுரம் நிமிர்ந்திருந்தால்
அதையும்.

இஸ்தான்புல்லின் நீலம்
மசூதியைத் தாண்டி வானத்தில் வழிந்திருக்கும்.
பிராக் பாலத்தில் ஒரு புனிதருக்குத் தலை இராது.
ரியோ மலைமேல் கை விரித்து நிற்பவர்
ஒரு ராத்திரி முழுக்க ஒற்றைக் கையோடு வந்தார்,
இரண்டாயிரத்து நானூறு பேராக.
"டாட்டா காட்டுறாரு அக்கா, விட்டுடுங்க"
என்றாள் அருள்மேரி.
சிலுவை போட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

சிங்கப்பூர் மட்டும் ஒருநாளும் பிசகி வந்ததில்லை.
அங்கே போக எனக்கு ஆசையும் வந்ததில்லை.

மூன்று மணி ஓய்வில்
மீகோரெங் பொட்டலத்தைப் பிரித்தபடி
கூடையில் விழுந்த ஊர்களைக் கைப்பேசியில் தேடுவேன்.
கெய்ரோவில் ஒட்டகத்தில் ஏற ஒரு விலையாம்,
இறங்க ஒரு விலையாம்.
லிஸ்பன் டிராமில் பர்ஸை மார்போடு பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.
நாராவில் மான்கள் தலைகுனிந்து பிஸ்கட் கேட்குமாம்.
விமானச்சீட்டு விலையைப் பார்க்கும் முன்
மணி அடித்துவிடும்.
அதுவும் நல்லதுதான்.

மாசிக் கடைசியில் எங்கள் ஊருக்கே ஓர் ஆர்டர் வந்தது.
முதலில் கொடிமலை ரயில்.
பிறகு சியூ ஜெட்டி:
கடலில் கால் ஊன்றிய மரவீடுகள்,
பலகை நடைபாதை, சிவப்பு லாந்தர்,
சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு நாய்.
கீழே அச்சடித்திருந்தது
வெனிஸ்.

எழுத்துத் தகட்டை மாற்ற யாரோ மறந்துவிட்டார்கள்.
பொத்தானுக்கு நீண்ட என் கை
பாதியில் நின்றது.
தண்ணீர்மேல் வீடு. வாசலில் படகு.
பிழையென்று எந்தக் கட்டத்தில் குறிப்பது?
ஒரு தட்டு, நாற்பத்தெட்டுக் காந்தம்,
இத்தாலிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தபின்
அமுக்கினேன்.
சூப்பர்வைசர் கூய் ஓடிவந்தார்.
"இப்பதான் பார்த்தேன்" என்றேன்.

அடுத்த ஓய்வுநாளில்
பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினேன்.
பதினோரு வருடமாக இக்கரையில் இருக்கிறேன்.
அக்கரைக்குப் போனதெல்லாம்
தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை,
பல்வலிக்குப் பெரியாஸ்பத்திரி.
சுற்றிப் பார்க்கவென்று போனதில்லை.
தொப்பி போட்டுக்கொண்டேன்.
தண்ணீர்ப் புட்டி, குடை, கைப்பேசிக்கு மாற்று பேட்டரி.
இருபது நிமிடக் கடலுக்கு இத்தனை மூட்டை.

ஜெட்டியில் பலகைகள் காலடியில் முனகின.
கருவாட்டு வாடை, ஊதுவத்தி, டயர் தொங்கும் படகுகள்.
வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கவேண்டாம் என்று
நான்கு மொழியில் எழுதிவைத்திருந்தார்கள்.
பார்த்தேன்.
பனியன் போட்ட ஒருவர் தரையில் உட்கார்ந்து
கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.
எந்தக் காந்தத்திலும் வராத இடம் அது.

நாய் இருந்தது!
ஒரு காது பாதிதான்.
எங்கள் லைனில் வந்திருந்தால்
கூடைக்குப் போயிருக்கும்.

கடைசிக் கடையில் எங்கள் சரக்கு தொங்கியது.
எட்டு வெள்ளி.
லாந்தரின் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது.
இதைப் பாஸ் பண்ணியது யார் என்று
கோபத்தோடு திருப்பினேன்.
பின்னால் என் முத்திரை எண்.

"முதல் தடவையா?" கடைக்காரி மலாயில் கேட்டாள்.
ஆமென்றேன்.
"அப்படியானால் ஏழு வெள்ளி."

இப்போது அது என் ஐஸ்பெட்டியில்,
மின்கட்டண பில்லைப் பிடித்துக்கொண்டு.

இந்நேரம் எங்கோ குளிர்நாட்டுச் சமையலறையில்
வெனிஸ் போய்வந்த ஒருவர்
பாலெடுக்கக் கை நீட்டுகிறார்.
நாயைப் பார்த்த ஞாபகமே இல்லையே என்று
கதவைப் பிடித்தபடி
நிற்கிறார் ஒரு நொடி.