மேசை ஆள்

டில்மான் பந்தைத் தொட்டாலே
அரங்கம் ஊளையிடுகிறது.
பல்கலைக்கழக அணியை விட்டு
உல்முக்குப் போய் மூன்று வருடம்.
டூபிங்கன் இன்னும் கணக்கை முடிக்கவில்லை.

பின்வரிசைப் பேக்கரிக்காரி
அவனுடைய பதினான்காம் எண் சட்டையால்தான்
சைக்கிள் சங்கிலி துடைக்கிறாளாம்.
ஏன் இன்னும் எறியவில்லை என்று
யாரும் கேட்பதில்லை.

நான் ஸ்கோர் எழுதுபவன்.
மேசையில் உட்கார்ந்தவனுக்குக்
கட்சி கிடையாது, வாய் கிடையாது.

ஃப்ரீ த்ரோ.
எறியுமுன் இடது முழங்காலில் இரண்டு தட்டு,
எங்களிடம் இருந்தபோது தட்டிய அதே தட்டு.
உள்ளே.
முப்பத்தொன்று.

நான்கு பிரதிகள்.
மேல்தாள் லீக்குக்கு.
அடித்தாள் தோற்றவர்களுக்கு,
எழுத்து எப்போதும் மங்கித்தான் விழும்.

இன்று மங்கவில்லை.
பதினான்கு என்று எழுதிய இடத்தில்
ஓட்டை.