பலகோணம் 4117

பொம்மனஹள்ளி, மூன்றாம் மாடி, இரவு ஷிஃப்ட்.
காட்டை உரித்துத்தான் அனுப்புகிறார்கள்.
விமானத்திலிருந்து விழுந்த லேசர் புள்ளிகளில்
இலையில் பட்டதை நீக்கி, தரையில் பட்டதை வைத்து
சாம்பல் நிறத்தில் ஒரு பூமி.
வீட்டுமேடு சிவப்பு. பழைய சாலை மஞ்சள்.
சதுப்பில் மண் அள்ளிப் போட்டு உயர்த்திய வயல் பச்சை.
வளைத்துக் கோடு இழுத்தால்
பலகோணம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசு.

மெக்சிகோவுக்கு நான் போனதில்லை.
ஓசூர் தாண்டியதே நான்கைந்து தடவை.

4117 வந்தது செவ்வாய்க்கிழமை.
முழங்கால் உயரம்கூட இல்லாத மேடு.
சிவப்பில் வளைத்தேன்.
மெரிதாவிலிருந்து ரோசால்பா திருப்பி அனுப்பினாள்:
இயற்கை மேடு, நீக்கவும்.
மறுபடி வளைத்தேன், மறுபடி வந்தது.
விட்டுடு, உன் சதவீதம் விழும் என்றான் லிங்கராஜு.

காரணம் எழுதும் கட்டத்தில் இருநூறு எழுத்துக்குத்தான் இடம்.
நீளம் இருபதடி, அகலம் பன்னிரண்டு.
பின்னால் பள்ளம், மேட்டுக்கு மண் எடுத்தது.
முன்சரிவு வயலைப் பார்த்து,
தினமும் யாரோ இறங்கியது போல்.
ஹலசூரில் நாங்கள் ஐந்து பேர் படுக்கும் வீடும்
அதே இருபது, அதே பன்னிரண்டு.
அதற்கு இடம் போதவில்லை.

பதில் இல்லை. மழைதான் வந்தது.
பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர்,
ஸ்கூட்டர்களின் கண்ணாடிகள் மட்டும் கொம்பு போல வெளியே.
காவலாளி ஹனுமய்யா பீடியை நனையாமல் பிடித்துக்கொண்டு
இது கெரே மேடம் என்றார்.
ஏரி. நிகழ்காலத்தில்.

படியோரம் முபீன் தள்ளுவண்டியில்
நனைந்த சப்போட்டா கிலோ நாற்பது.
மிளகாய் வந்து இறங்கியபோது மிளகின் பெயரைக் கொடுத்தோம்,
மக்காச்சோளத்துக்குச் சோளத்தின் பெயரை.
இதற்கு மட்டும் ஏனோ
அந்தக் கரையில் கூப்பிட்ட பெயரே, கொஞ்சம் நசுங்கி.
ஒன்றைப் பிட்டு நின்றபடியே தின்றேன்.
கொட்டை, வழவழவென்று கறுப்பு.

வெள்ளி இரவு ரோசால்பா எழுதியிருந்தாள்:
பள்ளத்தை நான் கவனிக்கவில்லை.
நேரில் பார்க்க வேண்டியவற்றில் சேர்த்திருக்கிறேன்.

பங்குனி வெயிலில் யாராவது கத்தியால் புதர் வெட்டிக்கொண்டே போவார்கள்.
ஒரு மீட்டர் குழியில்
அரைகல்லின் முனை கிடைக்கலாம்,
முந்நூறு மைல் தள்ளி ஓர் எரிமலையிலிருந்து
கைமாறிக் கைமாறி வந்த கண்ணாடிச் சில்லு கிடைக்கலாம்.
வெறும் சுண்ணாம்புப் பாறையாகவும் இருக்கலாம்.

அதுவரை என் கணக்கில்
இரண்டு ரூபாய் நாற்பது காசு
நிலுவை.